சிறு காயமும் பெருங்கேடும்

(நம் கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் கழகத்திற்கு வாழ்த்துரை வழங்க வேண்டுமென்று செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். வாழ்த்துவதற்குத் தகுதி வாய்ந்த சான்றோர் பலர் இம்மேடையை அணி செய்கிறார்கள். நாமோ ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். நமக்குத் தெரிந்த தொழில் பாடம் நடத்துவது ஒன்றே. ஆகவே, வாழ்த்துக்கு மாற்றாக ஒரு பாடத்தையே நடத்த இசைவு பெற்றோம். நாம் வரலாறு கற்பிப்பவர், மருத்துவர் அல்லர். நூல்களைப் படித்தும், நம்மிடம் பயின்று இன்று மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றும் பிள்ளைகளிடம் நாம் மாணவராக அமர்ந்து கேட்டும் தெளிந்தவற்றையே இங்குச் சொல்லப்போகிறோம்.

ஏன் இந்தப் பாடம்?

நம் மக்கள் செய்கின்ற தொழில்களை எண்ணிப் பாருங்கள். நகரில் குப்பை அள்ளுதல், சாக்கடை தூர் வாருதல், தோல் வேலை, கட்டட வேலை. நாட்டுப்புறத்தில் கரும்பு வெட்டுதல், மஞ்சள் தோண்டுதல், பொள்ளாச்சிப் பக்கம் கூர்முனை இரும்பில் தேங்காய் உரித்தல். இவற்றுள் காயம் படாத தொழில் ஒன்றேனும் உண்டா? உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த ஆணி, கருவேல முள், அரிவாள் முனை ஆகியவை நம் மக்களின் கை கால்களோடு நாள்தோறும் உறவாடுகின்றன.

பிறகு நடப்பது என்ன? காலில் கண்ணாடி குத்துகிறது. ஒரு துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் செல்கிறார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்றாம் நாள் கால் வீங்குகிறது. குளிர் காய்ச்சல் வருகிறது. ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறார். நான்காம் நாள் மூச்சு வாங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது. ஐந்தாம் நாள் மருத்துவமனை; ஏழாம் நாள் இடுகாடு. “என்ன ஆயிற்று?” என்று கேட்டால், “காய்ச்சல் கண்டு போய்விட்டார்” என்பார்கள். இத்தகைய சாவு ஒன்றையேனும் காணாத தெரு நம்மிடையே அரிது.

அது வெறும் காய்ச்சல் அன்று. அதற்குச் செப்சிஸ் என்று பெயர். பழைய நூல்கள் அதனைக் குருதியில் நஞ்சேறுதல் என்று கூறின. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு இந்நோய் கண்டதென்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். உலகில் நிகழ்ந்த சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அது. நோய் கண்டோரில் மிகப் பெரும்பாலோர் வறுமையும் நடுத்தர வளர்ச்சியும் உடைய நாடுகளில் வாழ்ந்தவர்கள். அதே 2017இல் உலக நலவாழ்வு நிறுவனமும் செப்சிஸைத் தடுப்பதற்கென ஒரு தீர்மானம் இயற்றியது.

அண்ணல் அம்பேத்கர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளுள் நால்வரை இளமையிலேயே இழந்தார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பேரறிஞராகிய அவர் வீட்டிலும் சாவு அவ்வளவு எளிதாக நுழைந்ததென்றால், அந்நாளைய ஏழைக் குடிசைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே இப்பாடம் நமக்கு வேண்டும்.

குழாய்களின் மதகு

நம் கொங்கு நாட்டார்க்கு வாய்க்காலைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. பவானியில் பிரியும் காலிங்கராயன் வாய்க்காலும், பரம்பிக்குளம் ஆழியாறு பாசனக் கால்வாய்களும் நாம் அறிந்தவையே. தலைமடையில் நீர் திறந்தால் கிளை வாய்க்கால் வழியே கடைமடை வரை சென்று சேர வேண்டும். இடையிலுள்ள மதகுகளை ஏற்றியும் இறக்கியும் நீரை முறைப்படுத்துவார்கள்.

நம் உடலும் அத்தகைய ஓர் ஆயக்கட்டே. இதயம் தலைமதகு. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. தமனிகள் பெருவாய்க்கால்கள். மயிரிழையினும் மெல்லிய தந்துகிகள் வயலில் பாயும் ஓடைகள். சிறுநீரகம், நுரையீரல், குடல், மூளை ஆகியவை வயல்கள். சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசை சுருங்கினால் குழாய் குறுகும். தளர்ந்தால் குழாய் விரியும். இச்சுருக்கமும் விரிவுமே உடலின் மதகு.

இந்த மதகை இயக்குபவர் யார்? குழாயின் உட்புறத்தில், ஓட்டு வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு போல, ஒரே ஓர் அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் உண்டு. அதனை உட்படலம் என்போம். நெடுங்காலம் அறிவியலார் அதனை வெறும் பூச்சு என்றே கருதினர். 1980இல் அமெரிக்க அறிஞர் இராபர்ட் பர்ச்காட், அந்த உட்படலம் ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று கண்டார். அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதன் பணியை ஆராய்ந்த பர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவர்க்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

மதகைத் திறப்பவன் ஒருவன் இருந்தால் மூடுபவனும் இருக்க வேண்டுமன்றோ? 1988இல் ஜப்பான் நாட்டுத் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா, மசாக்கி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் பன்றியின் பெருந்தமனியிலிருந்து எடுத்து வளர்த்த உட்படலச் செல்களை ஆராய்ந்தனர். அவற்றினின்று குழாயை இறுக்கும் ஒரு மூலக்கூற்றைப் பிரித்தெடுத்து, அதற்கு எண்டோதீலின் என்று பெயரிட்டனர். 21 அமினோ அமிலங்களைக் கோத்த சிறு மணிமாலை அது. அதுவரை அறியப்பட்ட குழாய் சுருக்கிகள் எவற்றினும் அது வலிமை மிக்கதாக இருந்தது. ஒருமுறை பற்றினால் அதன் பிடி நெடுநேரம் விடுவதில்லை.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். இஸ்ரேல் நாட்டில் மண்ணுக்குள் புதைந்து வாழும் ஒருவகைப் பாம்பின் நஞ்சை அந்நாட்டு அறிஞர்கள் அதே காலத்தில் ஆராய்ந்தார்கள். இதயத்தின் குழாய்களை இறுக்கும் அந்த நஞ்சும் 21 அமினோ அமிலங்களால் ஆனது. அமைப்பிலும் எண்டோதீலினுக்கு உடன்பிறப்பு போன்றது. பாம்பு தன் பல்லில் வைத்திருக்கும் பொருளை ஒத்த ஒன்றை நாம் ஒவ்வொருவரும் நம் குருதிக் குழாயிலேயே சுமந்து திரிகிறோம்!

அப்படியானால் நாம் ஏன் சாகவில்லை? அளவு ஒன்றே காரணம். எண்டோதீலின் இயல்பாக மிகச் சிறிய அளவிலேயே சுரக்கிறது. அதனை ஏற்கும் வாயில்கள் இரண்டு. ‘அ’ வாயில் பெரும்பாலும் குழாயின் தசையில் அமைந்து இறுக்கத்தைத் தரும். ‘ஆ’ வாயில் உட்படலத்தில் அமைந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்து தளர்த்தும்; மிகுந்த எண்டோதீலினைக் குருதியினின்று அகற்றவும் செய்யும். ஒரே பொருள் இறுக்கவும் செய்கிறது. தன் இறுக்கத்துக்குத் தானே எல்லையும் வகுத்துக்கொள்கிறது. உடல் நலமாக இருக்கும் வரை இந்த நடுநிலை பிறழ்வதில்லை.

வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆயக்கட்டில்

இனி, காலில் குத்திய கண்ணாடிக்கு வருவோம்.

காயம் பட்டவுடன் அவ்விடத்துக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி வீணாகாமல் காக்கும் முதற்செயல் அது. எண்டோதீலினும், குருதித் தட்டுகள் வெளியிடும் திராம்பாக்சேன் என்னும் பொருளும் அதில் பங்கு கொள்கின்றன. அடுத்து, கிருமிகள் நுழைந்ததை அறிந்த உடல் அவ்விடத்துக் குழாய்களை விரிக்கிறது, வெள்ளணுக்களை அனுப்புகிறது. சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி என்னும் நான்கும் தோன்றுகின்றன. இதுவே அழற்சி. அழற்சி பகை அன்று. ஊரைக் காக்க வந்த படை. பெரும்பாலான காயங்கள் இப்படையாலேயே ஆறிவிடுகின்றன.

ஆனால் கிருமிகள் மிகுந்து, அவையோ அவற்றின் சிதைவுகளோ குருதியில் கலந்துவிட்டால், ஓரிடத்தில் நடக்க வேண்டிய போர் உடல் முழுவதும் பரவுகிறது. வெள்ளணுக்கள் அபாய அறிவிப்புப் பொருள்களைக் கொட்டுகின்றன. கிருமியின் சுவரிலுள்ள நச்சும் இவ்வறிவிப்புகளும் எங்கெங்குமுள்ள உட்படலத்தைத் தூண்டுகின்றன. எண்டோதீலின் அளவின்றிச் சுரக்கிறது. செப்சிஸ் கண்டோரின் குருதியில் எண்டோதீலின் மிகுந்திருப்பதையும், நோய் கடுமையாகும்போது அது மேலும் உயர்வதையும் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

இங்கேதான் பாடத்தின் உட்கருத்து இருக்கிறது. எண்டோதீலின் குழாயை இறுக்குவதோடு நிற்பதில்லை. அது வெள்ளணுக்களைக் குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கிறது. மேலும் அபாய அறிவிப்புகளை எழுப்புமாறு செல்களைத் தூண்டுகிறது. அவ்வறிவிப்புகள் மேலும் எண்டோதீலினைச் சுரக்கச் செய்கின்றன. அழற்சி இறுக்கத்தை வளர்க்கிறது. இறுக்கம் அழற்சியை வளர்க்கிறது. செக்கு மாடு சுற்றுவது போன்ற இச்சுழற்சியில் அகப்பட்ட உடல் தானாக வெளியேறுவது கடினம்.

இதே வேளையில் மற்றோர் அழிவும் நடக்கிறது. நைட்ரிக் ஆக்சைடும் அளவுக்கு மீறிச் சுரப்பதால் உடலின் பல குழாய்கள் தளர்ந்து விரிகின்றன; சுவர்கள் ஒழுகுகின்றன; குருதி அழுத்தம் வீழ்கிறது. எனவே ஓரிடத்தில் கரை உடைந்த வெள்ளம்; மற்றோரிடத்தில் மதகு இறங்கிய வறட்சி. ஒரே ஆயக்கட்டில் தலைமடை வயல் மூழ்கிக் கிடக்கையில் கடைமடை வயல் வெடித்துக் கிடப்பதை நாம் கண்டதில்லையா? அதுவே செப்சிஸ் கண்ட உடலின் நிலை.

கடைமடையில் யார் யார்? சிறுநீரகம் முதலாவது. இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறும் அவ்வுறுப்பு, உள்நுழையும் குழாய் இறுகியதும் வடிகட்டும் தொழிலை நிறுத்துகிறது, சிறுநீர் குறைகிறது. நுரையீரல் குழாய்கள் இறுகுவதால் இதயத்தின் வலப்புறம் திணறுகிறது, மூச்சு வாங்குகிறது. குடலின் உட்சுவர் குருதியின்றி நலிவதால், அங்கே அடங்கியிருந்த கிருமிகளும் உள்ளே கசிகின்றன. பகைவனுக்குப் பின்வாயிலும் திறந்துவிட்டாற்போல் ஆகிறது.

கோவை நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பிளேக் நோய் இந்நகரை வாட்டியதன் நினைவுச் சின்னங்கள் அவை. பிளேக் கிருமி குருதியில் கலந்துவிட்டால் அதுவும் செப்சிஸே. அந்நிலையில் நோயாளியின் விரல் நுனிகள் கறுத்துப்போவது உண்டு. நுண்குழாய்களில் குருதி உறைந்து அடைத்து, ஓட்டம் நின்றுபோவதே அக்கறுப்பு. அக்காலத்தில் மக்கள் அதனைத் தெய்வத்தின் சினம் என்று அஞ்சினார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. காரணத்தை அவர்களுக்குச் சொல்ல எவரும் இல்லை. நமக்கோ சொல்ல ஆள் உண்டு.

எனவே, செப்சிஸ் என்பது கிருமி மட்டும் செய்யும் கொலை அன்று. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட நம் உடலின் எதிர்ப்பே நெறி பிறழ்ந்து தன் உறுப்புகளைத் தாக்குவது என்று 2016இல் உலக அறிஞர் குழு வரையறுத்தது. கிருமியைக் கொல்லும் மருந்து கிடைத்தும் சில நேரங்களில் நோயாளி பிழைக்காமற் போவதன் காரணம் இதுவே. சுழற்சி முற்றிய பின் கிருமி செத்தாலும் சுழற்சி நிற்பதில்லை.

நஞ்சும் மருந்தும்

“அப்படியாயின் எண்டோதீலினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் போதுமே!” என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி நினைக்கலாம். நல்ல வினா. அறிவியலாரும் அப்படியே நினைத்தார்கள். எண்டோதீலினின் வாயில்களை அடைக்கும் பொசென்டன் என்னும் மருந்து, நுரையீரல் தமனி அழுத்த நோய்க்காக 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மருந்துகளைச் செப்சிஸ் உண்டாக்கிய விலங்குகளுக்குக் கொடுத்தபோது சில ஆய்வுகளில் உறுப்புகளின் குருதியோட்டம் சீரடைந்தது. ஆயினும் மனிதரின் செப்சிஸுக்கு இவை இன்றுவரை ஏற்கப்பட்ட மருத்துவமாகவில்லை. அழுத்தம் வீழ்ந்து கிடக்கும் நோயாளியிடம் ஓர் இறுக்கத்தைத் தளர்த்தப்போய் உள்ள அழுத்தமும் போய்விடலாகாது அல்லவா?

மாறாக, தீவிர மருத்துவப் பிரிவில் மருத்துவர்கள் செய்வது என்ன தெரியுமா? குழாயை இறுக்கும் மருந்தையே கொடுக்கிறார்கள்! நார்அட்ரினலின் என்னும் இறுக்கியைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, தளர்ந்த பெருங்குழாய்களை இறுக்கி, வீழ்ந்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆஞ்சியோடென்சின் இரண்டு என்னும் மற்றோர் இறுக்கியும் இதற்காக 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எந்த இனத்துப் பொருள் சிறுநீரகத்தின் கழுத்தை நெரிக்கிறதோ, அதே இனத்துப் பொருள் உயிரையும் பிடித்து நிறுத்துகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழியை நாம் அறிவோம். அளவறிந்தால் நஞ்சும் மருந்து என்பதை இங்குக் காண்கிறோம். அவ்வளவை அறிவதற்கே படிப்பு வேண்டும்.

உடலிலேயே ஒரு காவலனும் இருக்கிறான். ஒவ்வாமையின்போது தும்மலையும் தடிப்பையும் உண்டாக்கும் மாஸ்ட் செல் என்பதைப் பலரும் தொல்லையாகவே கருதினர். அச்செல் எண்டோதீலினைச் சிதைத்து அதன் கொடுமையைத் தணிக்கிறது என்றும், அதன்வழி செப்சிஸ் கண்ட சுண்டெலிகள் பிழைக்க உதவுகிறது என்றும் 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களிடமே ஊரைக் காக்கும் வேலை இருப்பதை நம் சமுதாயத்தார்க்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

வயற்காட்டுக் காய்ச்சல்

உட்படலத்தையே தேடித் தாக்கும் ஒரு நோய் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுவே ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். புதர்களிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. இதன் கிருமி குருதிக் குழாயின் உட்படலச் செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. மதகுக் காவலனின் வீட்டிலேயே திருடன் புகுந்தாற்போல என்று சொல்லலாம். மழைக்காலத்திலும் அதனை அடுத்த குளிர்காலத்திலும் வயலிலும் புதரிலும் உழைப்போரை இது மிகுதியாகப் பற்றுகிறது. விறகு பொறுக்கும் தாய்மாரும் ஆடு மேய்க்கும் சிறுவரும் இதற்கு விலக்கல்லர்.

கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டாற்போல ஒரு கறுத்த பொருக்கு உண்டாகலாம். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் எனப் பிறர் காணாத இடங்களில் அது மறைந்திருக்கும். வலியும் பெரிதாக இராது. எல்லாருக்கும் அது தோன்றுவதுமில்லை. காய்ச்சலோடு இப்பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு பொருக்கைக் காட்டியதால் பிழைத்தவர் உண்டு. மறைத்ததால் மாண்டவரும் உண்டு.

இந்நோய்க்கு மருந்து உண்டு என்பது நற்செய்தி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் வெளியாயிற்று. இந்திய மருத்துவமனைகள் ஏழில், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட ஏறத்தாழ 800 பேர் அதில் பங்குபெற்றனர். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் இரு மருந்துகளைத் தனித்தனியே நரம்பில் ஏற்றுவதினும், இரண்டையும் சேர்த்து ஏற்றுவது சிறந்தது என்று அது காட்டிற்று. சாவு, நீங்காத சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர், தனி மருந்து பெற்றவர்களில் 47, 48 விழுக்காடு. இரண்டும் பெற்றவர்களில் 33 விழுக்காடு. ஆனால் சாவின் அளவு மட்டும் மூன்று பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே, நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் நின்றது. கடுமையான நிலையை எட்டிய பிறகு நல்ல மருந்தும் எல்லாரையும் காப்பதில்லை என்பதே இதனால் நாம் பெறும் அறிவு.

டாக்சிசைக்ளின் பிறந்த கதையையும் தம்பிகள் அறிய வேண்டும். அம்மருந்தின் இனத்தில் முதன்முதல் தோன்றியது ஆரியோமைசின். அது 1948இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. அவ்வாய்வகத்தின் ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நோய்க்குத் தம் உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர். வீட்டில் விழுந்த சாவை அழுது முடித்துவிடாமல் ஆராய்ச்சியாக மாற்றியவர்.

காலமே மருந்து

எண்டோதீலினின் சுழற்சியை நேரே அறுக்கும் மருந்து மனிதர்க்கு இன்னும் வரவில்லை. ஆகவே அச்சுழற்சி முற்றுமுன் கிருமியை அழிப்பதொன்றே வழி. இந்நோயில் காலமே பெருமருந்து. அதிர்ச்சி நிலை கண்டால் ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெறி.

எனவே, ஒவ்வொரு வீட்டிலும் இவற்றை மனப்பாடம் செய்யுங்கள்.

காயம் பட்டவுடன் ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்கு கழுவுங்கள். சாணம், சாம்பல், காப்பித்தூள், டீசல், சுண்ணாம்பு ஆகிய எதனையும் வைக்காதீர்கள். ஆழமான காயமாயின், உள்ளே ஏதேனும் தங்கியிருந்தால், அன்றே ஆரம்ப நலவாழ்வு நிலையத்துக்குச் செல்லுங்கள். தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். நீரிழிவு உடையவர்கள் தம் பாதங்களை நாள்தோறும் இரவில் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வலி தெரியாமலே புண் வளரும். மருத்துவர் கொடுத்த கிருமிக்கொல்லியைச் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். மீந்ததை அடுத்தவர்க்குக் கொடுக்காதீர்கள்.

காயத்திற்கோ காய்ச்சலுக்கோ பின்னர்க் கீழ்வருவனவற்றுள் ஏதேனும் கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள்: பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்திற்கு 22க்கு மேல் செல்லுதல், பிதற்றல் அல்லது மயக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், கை கால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், நடுக்கத்தோடு கூடிய கடுங்காய்ச்சல், அல்லது உடல் வழக்கத்திற்கு மாறாகக் குளிர்தல். பிள்ளை பெற்ற தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் இது இருமடங்கு பொருந்தும். 108ஐ அழையுங்கள். மருத்துவரிடம் “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “காயம் பட்டு இத்தனை நாளாயிற்று, இன்ன வேலை செய்கிறார்” என்று முழுமையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பொறுப்பு யாருடையது?

இத்துடன் பாடத்தை முடித்துவிட்டால், சாவுக்கெல்லாம் நம் மக்களின் அறியாமையே காரணம் என்று பொருளாகிவிடும். அது நேர்மையன்று. கால் வீங்கியவர் மருத்துவமனைக்குப் போகாதது அறியாமையால் மட்டுமன்று. ஒரு நாள் கூலி போனால் அன்று அடுப்பு எரியாது என்பதாலும்தான். கையுறையும் காலணியும் கேட்டால், “நாளை முதல் வர வேண்டாம்” என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நாம் அறிவோம்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. சாக்கடைக்குள் இறங்கி இறப்போரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரவேற்கிறோம். ஆனால் நச்சு வளியில் அங்கேயே வீழ்ந்தவரின் சாவு கண்ணுக்குத் தெரிகிறது. அதே சாக்கடையில் கால் கிழிந்து, பத்தாம் நாள் செப்சிஸால் மாண்டவரின் சாவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அது காய்ச்சல் கணக்கில் கரைந்துபோகிறது. வேலையின்போது பட்ட காயத்துக்கு இழப்பீடு என்னும் கொள்கை 1923 முதல் நம் நாட்டுச் சட்டத்தில் உண்டு. அதனைப் பெற முதற்சான்று, காயம் பட்ட அன்றே அது எழுத்தில் பதிவாவது. ஆகவே, காயம் எவ்வளவு சிறிதாயினும் நாள், இடம், வேலை ஆகியவற்றைக் குறித்து மேற்பார்வையாளரிடமும் மருத்துவமனைச் சீட்டிலும் பதியச் செய்யுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்காக எழுதிக் கொடுப்பது இக்கழகத்து இளைஞர்களின் கடமையாகட்டும். தெருவுக்கு இருவர் போதும்.

இறுதியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். 1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீருக்காக மக்களைத் திரட்டிச் சென்றார். அந்நீர் குடிப்பதற்கு மட்டுமன்று, மனிதராக நிற்பதற்கும் வேண்டியிருந்தது. அறிவும் அத்தகைய ஒரு பொதுக்குளமே. கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி 1966இல் தொடங்கப்பட்டது. மருத்துவமனைகளின் தரையைத் துடைப்போரில் நம் மக்கள் பலர். படுக்கையருகே நின்று நாடி பார்ப்போரில் நம்மவர் எத்தனை பேர்? வழிகள் இன்று முன்னைப்போல் முற்றும் அடைபட்டில்லை. பட்டியல் இனத்தார்க்குரிய ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு அளிக்கும் சட்டம் 2009இல் வந்தது. 2024இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் கிடைத்தது. மதகு ஓரளவு திறந்திருக்கிறது. கடைமடை வரை நீர் சென்று சேர்வது நம் உழைப்பைப் பொறுத்தது.

உயிரியல் பாடத்தில் குருதிக் குழாயின் படத்தை வரையும்போது, மதிப்பெண்ணுக்காக மட்டும் வரையாதீர்கள். அக்குழாய் உங்கள் தந்தையின் காலில் ஓடுகிறது. உங்கள் அன்னையின் கையில் ஓடுகிறது. எண்டோதீலினின் சுழற்சியை அறுக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றோம். அதனைக் கண்டுபிடிப்பவர் சப்பானிலோ அமெரிக்காவிலோதான் பிறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடசாலை விளக்கை அணையாமல் காத்துவரும் கழகத்தார்க்கு நம் நன்றியைத் தெரிவித்து, பொன்விழா மலரில் நம் சமுதாய மருத்துவர் ஒருவர் எழுதும் கட்டுரையைப் படிக்கும் நாளை வாழ்த்தி, இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.